நடு ஏரியில் மோட்டர் படுத்தால்: ட்ரோலிங் மோட்டர் பற்றரிக் கோளாறுகளைக் குறி பார்த்துப் பிடித்தல்

ஒன்ராறியோவின் ஸ்கூகொக் ஏரியில் என் முதற்கோடை. 14 அடி அலுமினிய வள்ளம், 55 இறாத்தல் உந்துவிசையுள்ள ட்ரோலிங் மோட்டர் (வள்ளத்தை மெல்ல ஓட்டும் மின்மோட்டர்), "இது நாள் முழுக்கப் போகும்" என்று கடையில் தந்துவிட்ட பற்றரி. காற்று முதுகுப்பக்கம் என்பதால் போகும்போது வள்ளம் பறந்தது. திரும்பலாம் என்று காற்றுக்கு எதிரே திருப்பி, வேகக் குமிழை 10 வரை முறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் மோட்டரின் குரல் கம்மியது, பிறகு முனகியது, பிறகு நின்றே போனது. மச்சான் தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு, "துடுப்பு எங்கயடா?" என்றான். துடுப்பு ஸ்காபரோவில், கராஜில் இருந்தது. கனடாச் சட்டப்படி சின்ன வள்ளத்தில் துடுப்போ நங்கூரமோ இருந்தால் போதும். எங்களிடம் நங்கூரம் இருந்தது. நங்கூரம் வைத்து ஒருவரும் கரை சேர்ந்ததில்லை.

ஒரு வயோதிபர் தன் வள்ளத்தில் கட்டி இழுத்துக் கொண்டுவந்து விட்டார். அந்த வெட்கத்தில் வாங்கியதுதான் மீற்றர். அதன்பிறகு தெரிந்தவர்கள் "பற்றரி பழுதாப் போச்சு" என்று தூக்கி வந்தவற்றையும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன். அநேகமாகப் பழுதானது பற்றரி அல்ல. கணக்கு, வயர், சார்ஜர், அல்லது விசிறியில் சுற்றிய தூண்டில் தங்கூசி.

கையில் இரண்டு சாமான் வேண்டும். ஒன்று சாதாரண மல்டிமீற்றர். மற்றது வயரைக் கவ்விப் பிடித்து அம்பியர் காட்டும் கிளாம்ப் மீற்றர். வாங்கும்போது நேர்மின்னோட்டம், அதாவது டி.சி. அம்பியர், அளக்குமா என்று பெட்டியில் பாருங்கள். மலிவானவை பல வீட்டு ஏ.சி. மின்சாரத்தை மட்டும் அளக்கும். பற்றரி வயரில் மாட்டினால் பூச்சியம் காட்டி உங்களை முட்டாளாக்கும்.

"நாள் முழுக்க ஓடும் என்றார்கள், ஒன்றரை மணித்தியாலத்தில் நின்றுவிட்டது"

எனக்கு நடந்தது இதுதான். பற்றரியில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஈயப் பற்றரியின் மேல் 90 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், அது வழக்கமாக 20 மணித்தியாலக் கணக்கு. 4.5 அம்பியர் வீதம் மெல்ல மெல்ல உறிஞ்சினால் 20 மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் என்பதே அதன் பொருள். மோட்டர் அப்படி மெல்ல உறிஞ்சாது. மின் கோட்டா (Minn Kota) என்ற கம்பனியின் 55 இறாத்தல் மோட்டர் முழு வேகத்தில் 50 அம்பியர் வரை இழுக்கும். 30 இறாத்தல் மோட்டரே 30 அம்பியர் இழுக்கும். வேகமாக உறிஞ்ச உறிஞ்ச ஈயப் பற்றரி தன்னிடம் இருப்பதை முழுவதும் தராது. 1897 இல் பொய்கெர்ட் என்ற ஜேர்மானியர் இதற்கு ஒரு சூத்திரம் எழுதி வைத்தார். அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால், சாதாரண அசிட் பற்றரி 90 அம்பியர்-மணி என்று சொல்லிக்கொண்டு 10 அம்பியரில் ஏழரை மணித்தியாலம் போகும், 25 அம்பியரில் இரண்டரை, 50 அம்பியரில் ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் சொச்சமும். 90 ஐ 50 ஆல் பிரித்து ஒன்றே முக்கால் மணித்தியாலம் என்று நினைத்துப் போனவன்தான் நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவன்.

அந்த நேரங்களும் பற்றரி செத்துப்போகும் வரைக்குமான கணக்கு. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே மேலே சொன்ன நேரங்களில் பாதியைத்தான் உங்களுடையது என்று எடுக்க வேண்டும்.

சூத்திரம் வேண்டாம் என்றால் இங்கே விற்கும் பற்றரிகளின் லேபலில் ஆர்.சி. என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். 25 அம்பியர் இழுத்தால் எத்தனை நிமிடத்தில் 10.5 வோல்ற்றுக்கு விழும் என்பது அது. ஆர்.சி. 160 என்றால் 160 நிமிடம். மோட்டருக்குப் பற்றரி வாங்கும்போது அம்பியர்-மணியைவிட இந்த எண்தான் உண்மையைச் சொல்லும் என்பது என் எண்ணம். சி.சி.ஏ. என்று பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். அது குளிர்காலக் காலையில் கார் எஞ்சினை உதைக்கும் பலம்.

அடுத்தது, உங்கள் வள்ளம் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பது. காற்றில்லாத ஒரு காலையில், கிளாம்ப் மீற்றரை மாட்டி, கைபேசியில் ஜி.பி.எஸ். வேகத்தைத் திறந்து வைத்து, குமிழை ஒவ்வொரு இலக்கத்திலும் இரண்டு நிமிடம் விட்டுப் பார்த்து எழுதினேன். இரண்டு பேர், சாமான்களோடு:

3 இல் 6 அம்பியர், மணிக்கு 2.5 கிலோமீற்றர்
5 இல் 14 அம்பியர், 3.4 கிலோமீற்றர்
7 இல் 26 அம்பியர், 4.2 கிலோமீற்றர்
10 இல் 47 அம்பியர், 5 கிலோமீற்றர்

கடைசி இரண்டு வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். 7 இலிருந்து 10 க்கு முறுக்கும்போது செலவு இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகிறது. கிடைப்பது மணிக்கு 800 மீற்றர். தண்ணீர் அப்படித்தான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே அது கேட்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்குக் கிட்ட ஏறும். 90 இல் பாதியான 45 அம்பியர்-மணியை வைத்து 3 இல் போனால் ஏறத்தாழ 19 கிலோமீற்றர். 10 இல் போனால் ஐந்துகூட இல்லை. பற்றரிக்குச் செலவழிக்காமலே ஓடும் தூரத்தைக் கூட்டும் வழி குமிழில்தான் இருக்கிறது.

இனி ஒரு நாளைக் கூட்டுவோம். 3 இல் மூன்று மணித்தியாலம் மெல்ல இழுத்துக்கொண்டு திரிந்தால் 18. இடம் மாற 5 இல் ஒரு மணித்தியாலம், 14. காற்று கிளம்பி 10 இல் இருபது நிமிடம், ஏறத்தாழ 16. மொத்தம் 48 அம்பியர்-மணி. 90 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதி 45 தான், அதுவும் லேபலின் கணக்கில். ஆக அந்த நாளுக்கே அது போதாது. 100 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் வேகமாக இழுத்தாலும் கொள்ளளவு அவ்வளவாகக் குறையாது. 80 வரை தாராளமாக எடுக்கலாம். மாலையில் கரைக்கு வரும்போதும் கையிருப்பு இருக்கும்.

காற்று நாளில் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்த பற்றரியைக் காற்றே வீட்டுக்குத் தள்ளிவிடும்.

"புதுப் பற்றரி, சார்ஜரில் பச்சை லைற், ஆனால் அரை மணித்தியாலம்கூட இல்லை"

பச்சை லைற்றை நம்பாதீர்கள். சார்ஜரைக் கழற்றி, பற்றரியை ஒன்றும் செய்யாமல் ஒரு இரவு விட்டுவிட்டு அளவுங்கள். கழற்றிய உடனே அளந்தால் மேலோட்டமான வோல்ற்று ஏமாற்றும். ஈயப் பற்றரி ஓய்வில் 12.6, 12.7 என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்தான். 10.5 க்குக் கிட்ட நின்றால் ஆறு அறைகளில் ஒன்று போய்விட்டது. அதைச் சார்ஜர் பிழைக்க வைக்காது; உத்தரவாதச் சீட்டைத் தேடுங்கள்.

ஓய்வில் நல்லாகக் காட்டினால், மோட்டரைத் தண்ணீருக்குள் வைத்து முழு வேகத்தில் விட்டு, பற்றரி முனைகளிலேயே அளவுங்கள். 12 ஐ ஒட்டி நிற்க வேண்டும். இரண்டொரு நிமிடத்தில் 11.5 க்குக் கீழே வழுக்கினால் உள்ளே தகடுகள் உப்புப் பூத்துவிட்டன. கடை அடுக்கில் மாதக்கணக்காகச் சார்ஜ் இல்லாமல் நின்ற "புது" பற்றரிக்கும் இந்தக் கதி வரும். பல கம்பனிகள் பற்றரியில் ஒரு எழுத்தையும் ஒரு எண்ணையும் பொறித்திருக்கும்: எழுத்து ஆங்கில வரிசையில் மாதம், எண் வருடத்தின் கடைசி இலக்கம். வாங்குமுன் அதைப் பாருங்கள்.

பற்றரி நல்லது என்று தெரிந்தால் அடுத்த சந்தேகம் சார்ஜரில். 45 அம்பியர்-மணியை 5 அம்பியர் சார்ஜரால் நிரப்ப ஒன்பது மணித்தியாலம். கடைசிப் பகுதியில் ஈயப் பற்றரி மெல்லத்தான் குடிக்கும், ஆகவே பன்னிரண்டு என்று வையுங்கள். சனி இரவு பத்து மணிக்கு வந்து செருகி, ஞாயிறு விடிய நாலு மணிக்குக் கழற்றிக்கொண்டு ஓடுபவர்களுக்கு அரை வயிறுதான் கிடைக்கும். பாவம், அவர்கள்தான் பற்றரிக் கம்பனியைத் திட்டுபவர்கள்.

காரில் இருந்து கழற்றிய பற்றரி என்றால் இந்தப் பகுதியையே வாசிக்கத் தேவையில்லை. 1934 இல் வட டகோட்டாவின் பார்கோவில் மின் கோட்டாவின் முதல் மோட்டரைச் செய்தவர் பழைய கார் ஒன்றின் ஸ்ராட்டரை எடுத்துத்தான் செய்தார். மோட்டரின் பூட்டன் ஸ்ராட்டர் என்பதற்காகக் கார்ப் பற்றரி அதற்கு உறவாகிவிடாது. அதன் தகடுகள் மெல்லியவை, சில விநாடி உதைப்பதற்கானவை. ஆழமாக இறக்கி ஏற்றினால் ஒரு கோடையும் தாண்டாது. "மரீன்" என்று ஒட்டியிருப்பதும் போதாது. அதில் எஞ்சின் உதைப்பதும் உண்டு, இரண்டுக்கும் பொதுவானதும் உண்டு. "டீப் சைக்கிள்", அதாவது ஆழமாக இறக்கி ஏற்றுவதற்கானது, என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

"ஓடிக்கொண்டிருந்த மோட்டர் சட்டென்று நின்றது, மீற்றரில் பூச்சியம்"

ஈயப் பற்றரி முனகி முனகிச் சாகும். லித்தியம் ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்தும். உள்ளே பி.எம்.எஸ். என்ற காவல் பலகை இருக்கிறது. அளவுக்கு மேல் அம்பியர் இழுத்தாலோ, வோல்ற்று விழுந்தாலோ, சூடேறினாலோ அது வெட்டிவிடும்.

முழு வேகம் வைத்ததும் நின்று, குமிழைத் திருப்பி வைத்துச் சற்றுப் பொறுத்ததும் திரும்பி வந்தால், அது அம்பியர் மிஞ்சியது. 50 அம்பியர்-மணிச் சின்ன லித்தியம் பலவற்றின் பி.எம்.எஸ். 50 அம்பியர் வரைதான் விடும். அதில் 55 இறாத்தல் மோட்டரைப் பூட்டினால் சாதாளை கொஞ்சம் சுற்றினாலே எல்லை தாண்டும். வாங்கும்போது கொள்ளளவை மட்டும் பார்க்காமல், தொடர்ந்து எத்தனை அம்பியர் விடும் என்பதையும் பாருங்கள். மோட்டரின் உச்சத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

நாலைந்து மணித்தியாலம் ஓடிப் பிறகு நின்று, திரும்ப வரவேயில்லை என்றால் வெறுமையாகிவிட்டது. லித்தியச் சார்ஜரில் செருகினால் விழிக்கும். இங்கே வோல்ற்று மீற்றரை வைத்து மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது வீண். நிறைவில் ஓய்வில் 13.3 காட்டும் பற்றரி, ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதும் 12.9 காட்டும். மோட்டரின் தலையில் சார்ஜ் காட்டும் நாலு லைற்றும் ஈயத்துக்கென்று கணக்குப் பண்ணியவை. கடைசிவரை நாலும் எரியும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் பற்றரி மொனிற்றர் ஒன்று பூட்டுங்கள், அல்லது மேலே சொன்னமாதிரிக் கொப்பியில் கூட்டிக்கொண்டு போங்கள்.

பற்றரியில் வோல்ற்று இருக்கிறது, மோட்டரில் இல்லை என்றால் இடையில் உள்ள பிறேக்கர். 55 இறாத்தலுக்கு 60 அம்பியர் பிறேக்கர், பற்றரிக்குக் கிட்ட. அது திரும்பத் திரும்ப விழுந்தால் பெரிய பிறேக்கர் போடுவது மருந்து அல்ல. வயரையே எரிக்கும் வழி. விசிறியைப் பாருங்கள், வயரைப் பாருங்கள். ஜூலை வெயிலில் கறுப்புப் பெட்டிக்குள் வேகும் பிறேக்கர் தன் அளவுக்கு முன்னமே விழுவதும் உண்டு.

"பற்றரி நிறைவு, மோட்டர் மட்டும் சோம்பல்"

ஐந்து நிமிட வேலை. முழு வேகத்தில் விட்டு, பற்றரி முனையில் ஒரு தரம் அளவுங்கள், மோட்டர் பிளக்கில் ஒரு தரம். வித்தியாசம் அரை வோல்ற்றுக்குள் என்றால் சரி. அதைத் தாண்டினால் நீங்கள் வயரைச் சூடாக்கிக்கொண்டு இருக்கிறீர்கள்.

மோட்டர் அணியத்தில், பற்றரி பின்பக்கத்தில் என்று வைப்பவர்களுக்கு இது அதிகம். இடையில் 4 மீற்றர், போய்வர 8. அதற்கு 10 ஆம் இலக்க வயர் போட்டால் 47 அம்பியரில் 1.2 வோல்ற்று வழியிலேயே போய்விடும். 6 ஆம் இலக்கத்தில் அரை வோல்ற்று. இங்கே வயரின் இலக்கம் குறையக் குறையத் தடிப்புக் கூடும்; கடையில் மாறிக் கேட்டுவிடாதீர்கள்.

தடித்த வயர் போட்டும் விழுகிறது என்றால் மூட்டுகள். ஒரு உறவினரின் வள்ளத்தில் எல்லாம் புதிது, எல்லாம் சரி, ஆனாலும் ஒரு வோல்ற்று காணாமல் போய்க்கொண்டு இருந்தது. பத்து நிமிடம் ஓட விட்டு, நிறுத்தி, வயர் நெடுகக் கையால் தடவிக்கொண்டு போனேன். பிளக்குக்குச் சற்று முன்னால் ஒரு விரல் அகலத்துக்குத் தோசைக்கல் போலச் சுட்டது. கறுப்பு ரேப்பை வெட்டிப் பிரித்தால், நசுக்கிப் பூட்டிய மூட்டுக்குள் செம்புக் கம்பிகள் பச்சைத் தூளாகி, இழுத்ததும் கையோடு வந்தன. அந்த மோட்டர் ஓடிக்கொண்டு இருந்தது நாலைந்து நல்ல இழைகளில். வெட்டி, வெள்ளீயம் பூசிய செம்பு வயரில் புது மூட்டுப் போட்டு, பசை உள்ள சுருங்கு குழாயால் மூடினோம்.

பற்றரி முனைகளோடு வரும் சிறகு நட்டுகளையும் கழற்றி எறியுங்கள். அலையில் குலுங்கிக் குலுங்கித் தளரும். அறுகோண நட், அடியில் பல் வாஷர், நட்டுச் சாவியால் இறுக்கம்.

"அஞ்சாம் வேகம் மட்டும் வேலை செய்யுது"

பற்றரியைத் தொடாதீர்கள். ஐந்து வேகச் சுவிச் உள்ள மோட்டர்களில் கீழ் வேகங்களுக்கு மின்சாரம் தடைச் சுருள்கள் வழியாகப் போகும். உச்ச வேகம் நேரே போகும். சுருள் எரிந்தால் உச்சம் மட்டும் மிஞ்சும். இந்த வகையில் மெல்லப் போகும்போதும் சுருளில் வீணாகச் சூடு போவதால், குமிழ் வகையைவிட ஓடும் நேரம் குறைவு. மேலே நான் தந்த எண்கள் குமிழ் வகைக்கு உரியவை; உங்கள் சுவிச் மோட்டரை நீங்களே அளவுங்கள்.

"மோட்டர் சுத்துது, வள்ளம் நகரேல்லை"

விசிறியைப் பிடித்திருக்கும் சின்ன ஊசி கல்லில் பட்டு முறிந்திருக்கும். தூண்டில் பெட்டியில் இரண்டு மேலதிக ஊசியும் ஒரு சாவியும் கிடக்கட்டும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: மோட்டர் உறுமும், வழக்கத்தைவிட அம்பியர் கூட இழுக்கும். ஸ்கூகொக் மாதிரி ஆழமில்லாத, சாதாளை மண்டிய ஏரிகளில் இது தினசரிக் கதை. பற்றரி வயரைக் கழற்றிவிட்டு (கழற்றிவிட்டுத்தான், விரல் உங்களுடையது) நட்டை எடுத்து விசிறியை இழுத்துப் பாருங்கள். அடியில் தங்கூசி நூல் இறுகிச் சுற்றியிருந்தால் உடனே வெட்டி எடுங்கள். அது உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை அறுத்து, மோட்டருக்குள் தண்ணீரை விடும். அப்புறம் வரும் செலவு பற்றரி விலைக்குக் கிட்ட.

"24 வோல்ற்று, இரண்டு பற்றரி, எப்போதும் ஒன்றுதான் முதலில் படுக்குது"

பழையதோடு புதியதைச் சோடி கட்டியிருக்கிறீர்கள், அல்லது மீன் காட்டும் கருவிக்கு ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற்று எடுக்கிறீர்கள். தொடராகக் கட்டும் இரண்டும் ஒரே வகை, ஒரே வயது. கருவிக்குத் தனியாக ஒரு சின்னப் பற்றரி வையுங்கள். மோட்டரின் இரைச்சல் திரையில் கோடு கோடாக விழுவதும் அதோடு நிற்கும். 12 வோல்ற்றை இரண்டு சேர்த்து 24 ஆக்கினால் அம்பியர்-மணி கூடாது என்பதையும் மறக்காதீர்கள். 100 உம் 100 உம் தொடரில் 100 தான்.

"போன வருடம் நல்லா இருந்தது, மே மாதம் எடுத்தால் ஒன்றுமில்லை"

ஒன்ராறியோவின் பனிக்காலம் செய்த வேலை. முழுதாக நிரப்பிய ஈயப் பற்றரி இங்குள்ள எந்தக் குளிரிலும் உறையாது. வெறுமையாக விட்டதற்குள் இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர்தான். பூச்சியத்துக்குச் சில பாகை கீழேயே உறைந்து, பெட்டியை வீங்க வைக்கும். வீங்கியதைச் சார்ஜில் போடவே வேண்டாம், மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி, கடைசிப் பயணம் முடிந்த அன்றே நிரப்பி, வயரைக் கழற்றி, இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் சார்ஜர் காட்டினால் போதும். அசிட் ஊற்றிய வகையைச் சார்ஜ் பண்ணும்போது ஐதரசன் வாயு வரும். படுக்கையறை அலுமாரிக்குள் வைத்துச் சார்ஜ் போடும் ஆட்களையும் கண்டிருக்கிறேன். காற்றோட்டமான இடம் வேண்டும்.

லித்தியத்துக்கு இதற்கு நேர்மாறு. பாதி நிறைவில் வைத்து மறந்துவிடலாம். ஆனால் 0 பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். நல்ல பி.எம்.எஸ். தானாகவே மறுக்கும், மலிவானது மறுக்காது. ஏப்ரலில் கராஜில் இருந்து எடுத்ததை நேரே செருகாமல் வீட்டுக்குள் ஒரு நாள் வைத்துவிட்டுச் செருகுங்கள்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எத்தனையாம் மாடி என்று. குறூப் 27 என்ற அளவு ஈயப் பற்றரி 25 கிலோவைச் சுற்றி. அதைவிடப் பெரிய குறூப் 31 ஏ.ஜி.எம். (அசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஈய வகை) 30 ஐத் தாண்டும். 100 அம்பியர்-மணி லித்தியம் 11, 12 கிலோ. அடுக்குமாடியில் நிலத்தடித் தரிப்பிடத்திலிருந்து லிப்ற் வரை ஒவ்வொரு ஞாயிறும் தூக்குபவர் லித்தியம் வாங்கட்டும், முதுகு நன்றி சொல்லும். வீட்டோடு கராஜ் உள்ளவர், மாதத்தில் ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் கரையோரமாகத் தூண்டில் போடுபவர் என்றால் ஆர்.சி. எண் பார்த்து வாங்கிய ஈயமே தாராளம். பழைய ஈயச் சார்ஜரை லித்தியத்தில் மாட்டாமல், 14.4 இலிருந்து 14.6 வோல்ற்று வரை தந்து நிறுத்தும் லித்தியச் சார்ஜரின் விலையையும் சேர்த்தே வரவு செலவு பாருங்கள்.

மச்சான் இப்போதும் வருவான். வள்ளத்தில் ஏறியதும் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, துடுப்பு இரண்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இருப்பான்.